பேனல் 25 வருஷம், இன்வர்ட்டர் 3 வருஷம்

தோட்டத்துக் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் தம்பி ஒருவர் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். முதலாவது, மாரியம்மன் கோயில் கூரையில் மூன்று வருஷத்துக்கு முன் வைத்த சோலார் பற்றி. "பேனலுக்கு 25 வருஷம் உத்தரவாதம்னு சொன்னாங்க அண்ணே. பேனல் நல்லாத்தான் இருக்கு. இன்வர்ட்டர் மட்டும் ரெண்டு தடவை செத்துப்போச்சு. ஏமாந்துட்டோமா?" இரண்டாவது, அவர் மகளுக்கு முதுகலை ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. கடிதத்தில் "ஆற்றல் அறுவடையும் ஆற்றல் அமைப்புகளுக்கான நம்பகமான மின்னணுவியலும்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்களாம். அது என்ன படிப்பு, அதில் சோறு உண்டா என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு இல்லை, ஒன்றுதான். கோயிலில் இன்வர்ட்டர், அதாவது பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும் பெட்டி, ஏன் செத்தது என்பதைத்தான் உங்கள் மகள் இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்கப் போகிறாள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது இங்கே மலேசியாவில், கெடா மாநிலத்தின் பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில். சாயங்காலம் ஜெனரேட்டர் ஓடும், பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். வீட்டுப்பாடம் அதற்குள் முடிந்தாக வேண்டும். பிறகு கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் 26 வருஷம் வேலை. சிப்புகளை வேண்டுமென்றே சுட்டு, நனைத்து, உறைய வைத்துச் சாகடித்து, எதனால் செத்தது என்று அறுத்துப் பார்க்கும் கூடம் அது. அம்மா கடைசி வரைக்கும் அக்கம்பக்கத்தில் "என் மகன் பேக்டரியில சாமான் ஒடைக்கிறான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் அறுவடையைப் பார்ப்போம். நம்மைச் சுற்றி வீணாகப் போய்க்கொண்டிருக்கும் வெளிச்சம், சூடு, அதிர்வு, அசைவு இவற்றிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொள்வதுதான் ஆற்றல் அறுவடை. பேர்தான் புதுசு. என் அப்பா விடியுமுன் பால்மரக் காட்டுக்குப் போகும்போது சைக்கிள் சக்கரத்தில் உரசிக்கொண்டு ஒரு டைனமோ ஓடும்: 6 வோல்ட், 3 வாட். கேஸ் அடுப்பைப் பற்றவைக்க 'டிக்' என்று அழுத்தும் லைட்டருக்குள் இருக்கும் படிகத்தின் குணத்தை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு முனை சூடாக, ஒரு முனை குளிர்ச்சியாக இருந்தால் இரண்டு உலோகங்களுக்கு இடையே மின்னழுத்தம் வரும் என்பது சீபெக் 1821-இல் பார்த்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் 1954-இல் செய்த சிலிக்கான் சூரிய மின்கலம் வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றியது. இன்று உங்கள் கோயில் கூரையில் இருப்பது 20 சதவீதத்தைச் சுற்றி மாற்றும்.

இதில் அளவு தெரியாமல் பேசினால் எல்லாமே மாயாஜாலமாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டரில் 100 மில்லிவாட் விழுகிறது. நல்ல பேனல் அதில் 20 மில்லிவாட் கொடுக்கும். அதே பேனலை வீட்டு ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தால் கிடைப்பது மைக்ரோவாட் கணக்கு, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே. காற்றில் உலவும் ரேடியோ அலைகளிலிருந்து எடுக்கலாம் என்பார்கள். கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஒழிய ஒரு மைக்ரோவாட்டைத் தொடுவதே பாடு.

நடக்கிற அடியிலிருந்து கரண்ட் எடுக்கும் தரைக்கல் என்று ஒன்று அடிக்கடி கைப்பேசியில் சுற்றி வரும், "நம்ம தைப்பூசத்துக்குப் போட்டா எப்படி?" என்ற கேள்வியோடு. போட்டுப் பார்ப்போம். 70 கிலோ ஆள் மிதிக்கும்போது கல் 5 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வைத்தால், ஒரு காசு வீணாகாமல் எடுத்தாலும் ஓர் அடிக்குச் சுமார் 3.4 ஜூல் (ஒரு வாட் ஒரு விநாடி ஓடினால் ஒரு ஜூல்). ஒரு லட்சம் அடி விழுந்தால் 3,40,000 ஜூல், அதாவது 0.1 கிலோவாட்-மணிக்கும் குறைவு. 400 வாட் பேனல் ஒன்று நல்ல வெயிலில் கால் மணி நேரத்தில் கொடுப்பது அவ்வளவுதான். அந்த 3.4 ஜூலும் சும்மா வருவதில்லை. காவடி எடுத்து வருகிறவர் காலிலிருந்து வருகிறது. மணலில் நடப்பது மாதிரி அவருக்குத்தான் கூடுதல் களைப்பு.

அப்படியானால் இந்த மைக்ரோவாட்டை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? விளக்கு எரியாது, விசிறி ஓடாது. ஆனால் ஒரு சின்ன உணர்கருவி வாழும். பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டிருந்து, கால் மணிக்கு ஒருமுறை விழித்து, ஓர் எண்ணை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும் கருவி. பேட்டரி இல்லாத கதவு மணி கடையில் பார்த்திருப்பீர்கள். விரலால் அழுத்துகிற அந்த ஓர் அழுத்தத்திலேயே ரேடியோ சமிக்ஞை அனுப்பத் தேவையானது கிடைத்துவிடுகிறது. ஆயிரம் இடத்தில் ஆயிரம் கருவி வைத்தால் பேட்டரி மாற்ற ஓர் ஆளைத் தோட்டம் முழுக்க நடக்கவிட வேண்டுமே, அந்தச் செலவை மிச்சப்படுத்தத்தான் உலகம் முழுக்க இந்த ஆராய்ச்சி.

நானே ஒன்று செய்து, அது செத்த கதையைச் சொல்கிறேன். மகள் படிக்கப் போவது என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

கூட்டாளி ஒருவருக்கு ஆற்றோரம் ஆறு ஏக்கர் செம்பனை. மழை பிடித்தால் வாய்க்கால் நிறைந்து வேர் மூழ்கும். ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மிதவை ஸ்விட்ச், ஒரு லோரா ரேடியோ (கொஞ்ச மின்சாரத்தில் தூரத்துக்குச் செய்தி அனுப்பும் ரகம்), 5-க்கு 5 சென்டிமீட்டர் பேனல், சின்ன லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைத்து ஒரு டப்பா செய்து கொடுத்தேன். கணக்கு இதுதான். வெட்டவெளி வெயிலில் அந்தப் பேனல் அரை வாட் கொடுக்கும். செம்பனை மட்டைகளுக்குக் கீழே வெளிச்சம் எங்கே வருகிறது? எல்லாக் கழிவும் போக 5 மில்லிவாட், அதுவும் நாளைக்கு 8 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் வரவு 144 ஜூல். செலவு: ரேடியோ ஒருமுறை அனுப்ப 0.13 ஜூல், கால் மணிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 96 முறை, 12.5 ஜூல். தூங்கும்போது 3 வோல்ட்டில் 2 மைக்ரோஆம்ப். நாள் முழுக்க அரை ஜூல். மொத்தம் 13 ஜூல். வரவு 144, செலவு 13. இதைவிடச் செழிப்பான குடும்பம் எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் மாதம் கருவி பேச்சை நிறுத்திவிட்டது.

பேனலில் பாசி கொஞ்சம் இருந்தது, துடைத்தேன். பேட்டரி காலி. புது பேட்டரி போட்டு மல்டிமீட்டரைத் தொடராக வைத்தேன்: தூங்கும்போது 900 மைக்ரோஆம்ப். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் தொள்ளாயிரம்! ஒரு பாகமும் உடையவில்லை, எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது, ஆனால் எங்கேயோ ஒழுகுகிறது. 900 மைக்ரோஆம்ப் என்றால் ஒரு நாளைக்கு 233 ஜூல். வரவே 144-தானே. ஓட்டை மங்கில் எவ்வளவு பால் இறங்கினால் என்ன?

போர்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். பேட்டரி இணைப்புப் பக்கத்தில், அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டுகளுக்கு (பாகங்களைப் போர்டில் ஒட்டும் சால்டர்) நடுவே, குட்டிப் பெரணி இலை மாதிரி பழுப்பாக ஒன்று கிளை விட்டு வளர்ந்திருந்தது. ஈரமும், ஈயம் வைக்கும்போது மிஞ்சிய பசையும் சேர்ந்தால் நேர்முனையிலிருந்து உலோக அயனிகள் கரைந்து எதிர்முனைக்கு நகர்ந்து இப்படிப் படியும். ஐசோபுரொப்பில் ஆல்கஹால் ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் காயவைத்தேன். மீட்டர் மறுபடி 2 மைக்ரோஆம்ப் காட்டியது.

ஈரம் எப்படிப் போனது? டப்பாவுக்கு ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தேனே. அங்கேதான் நம் ஊர் வானிலை வேலையைக் காட்டியது. மட்டைகளுக்கு இடையே ஒரு கீற்று வெயில் நேராக விழும் இடம் அது. பகல் இரண்டு மணிக்கு டப்பா 55 டிகிரி. நாலு மணிக்கு மழை கொட்டும். பத்து நிமிஷத்தில் 25 டிகிரி. உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்த வெற்றிடம் வளையத்தின் இடுக்கு வழியே ஈரக் காற்றை உறிஞ்சும். ராத்திரி அது உள்ளே துளியாகப் படியும். மறுநாள் மறுபடி. டப்பா தினமும் ஒருமுறை மூச்சு விடுகிறது. இறுக்கி மூடினால் போதும் என்று நினைத்தது என் தப்பு. காற்று போய்வர விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் சவ்வு ஒன்று வைத்து, போர்டைக் கழுவி, மேலே பூச்சு அடித்திருக்க வேண்டும். அதைச் செய்த இரண்டாவது டப்பா மூன்றாவது வருஷமாக ஓடுகிறது. இருபத்தாறு வருஷம் இந்த வேலையிலேயே இருந்தவன் இதைச் செய்தேன் என்று வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மகளின் கடிதத்தில் அறுவடையையும் நம்பகத்தன்மையையும் ஏன் ஒரே வரியில் எழுதினார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். வீட்டு டிவியில் ஒரு மில்லிஆம்ப் ஒழுகினால் யாருக்கும் தெரியாது. மைக்ரோவாட்டில் வாழும் கருவிக்கு அதுவே சாவு.

இனி கோயிலுக்கு வருவோம். போன வாரம் நீங்கள் கூப்பிட்டு வந்து பார்த்தேனே, இன்வர்ட்டரை மடப்பள்ளிக்குப் பின்னால், மேற்குச் சுவரில், ஜிங்க் கூரையை ஒட்டி மாட்டியிருக்கிறார்கள். மின்சாரப் பெட்டிக்குப் பக்கம் என்பதால் வயர் மிச்சம்; அதனால் அங்கே. நாலு மணிக்குச் சூடுமானியைக் காட்டினால் வெளித்தகடு 64 டிகிரி. பின்பக்கத்து அலுமினியத் துடுப்புகளுக்கு நடுவே சாம்பிராணிக் கரியும் வடை சுட்ட எண்ணெய்ப் புகையும் சேர்ந்து மெழுகு மாதிரி அடைத்திருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு பல்லி முட்டை. அதற்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கெபாசிட்டர்களில் மூன்றுக்குத் தலை உப்பியிருந்தது.

இன்வர்ட்டரில் பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் தேக்கி வைத்து, சீராக்கித் தருவது அந்த எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். உள்ளே ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் அது ஆவியாகி ரப்பர் மூடி வழியே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடமான விதி: 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, 10 டிகிரி கூடினால் பாதி. ஸ்வீடன் வேதியியலாளர் ஆர்ஹீனியஸ் 1889-இல் எழுதிய சமன்பாட்டின் ஏழை வீட்டுப் பிள்ளை இந்த விதி. கெபாசிட்டர் மேலே "105 டிகிரி" என்று அச்சிட்டிருப்பார்கள். சாதாரண ரகத்துக்கு அந்தச் சூட்டில் 2,000 மணி நேரம்தான் ஆயுள். உள்ளே 75 டிகிரி என்றால் மூன்று முறை இரட்டித்து 16,000 மணி. நம் ஊரில் சூரியன் நாளைக்கு 12 மணி நேரம், வருஷத்துக்கு 4,380. வகுத்தால் 3.6 வருஷம். 60 டிகிரியில் வைத்திருந்தால் அதே கெபாசிட்டர் பத்து வருஷம் நின்றிருக்கும். நாள் முழுக்க 75 இருக்காதே என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் அங்கே துடுப்பு அடைத்துக் காற்று வாங்காமல் இருந்தது, அடைபட்ட இடத்தில் இன்னும் ஏறியிருக்கும். சேதத்தில் பெரும்பங்கு அந்த உச்சி நேரத்து நாலு மணி நேரத்தில்தான் நடக்கிறது. 5,000 மணி நேர ரகக் கெபாசிட்டருக்குச் சில வெள்ளிதான் (ரிங்கிட்) கூட ஆகும். அந்தச் சில வெள்ளியில்தான் மலிவு இன்வர்ட்டர் மலிவாகிறது.

ஆகவே ஏமாந்தீர்களா என்றால், பேனலில் ஏமாறவில்லை. கண்ணாடிக்கும் பிளாஸ்டிக் படலத்துக்கும் நடுவே அசையாமல் கிடக்கும் சிலிக்கான் அது. அதற்கு வேலை வெயில் காய்வது. 25 வருஷம் என்பது அதன் மின் உற்பத்திக்குக் கொடுத்த வாக்கு. இன்வர்ட்டருக்குப் பொதுவாக 5 அல்லது 10 வருஷம்தான் எழுதித் தருவார்கள், அதையும் 'வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில்' என்ற நிபந்தனையோடு. அந்த வரியை யாரும் படித்துக் காட்டவில்லை.

முதல் இன்வர்ட்டர் வைத்த மூன்றாம் மாதமே இடி இடித்த ராத்திரியில் போனது என்றீர்கள். அது வேறு நோய். இடிமின்னல் அதிகமான நாடுகளில் நாம் முன்வரிசை. மின்னல் கோயில் மேலேயே விழ வேண்டும் என்றில்லை. பக்கத்துச் செம்பனையில் விழுந்தால் போதும். கூரையில் பார்த்தேன், நேர் வயர் ஒரு பக்கம் சுற்றி, எதிர் வயர் மறுபக்கம் சுற்றி வருகிறது. நடுவே ஒரு பெரிய வளையம். மின்னலின் காந்தப்புலம் அந்த வளையத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும். இரண்டு வயரையும் ஒட்டி ஒரே வழியில் கொண்டு வந்திருந்தால் வளையமே இல்லை. இப்படித் திடீரென்று பாயும் வோல்ட்டைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பானும் பேனல் பக்கம் இல்லை, மின்சார வாரியமான தெனாகா பக்கம் மட்டும் ஒன்று இருக்கிறது.

கெபாசிட்டரும் இடியும் போக, உள்ளே இருக்கும் பவர் சிப்புகள் சாகும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். சிப்பின் தலையில் அலுமினியக் கம்பிகளை ஒட்டியிருப்பார்கள். சூடேறினால் சிலிக்கான் ஒரு டிகிரிக்கு மில்லியனில் 2.6 பங்கு விரியும்; அலுமினியம் 23 பங்கு. இரண்டும் ஒட்டியே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் ஒட்டிய இடத்தில் இழுபறி. கம்பியைக் கையால் மடக்கி மடக்கி ஒடிப்பீர்களே, அதேதான். ஒரு நாள் கம்பி தூக்கிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தில் லெசிட் என்ற திட்டத்தில் நூற்றுக்கணக்கான தடவை இல்லை, லட்சக்கணக்கான தடவை சிப்புகளைச் சூடாக்கி ஆறவைத்துக் கணக்கெடுத்து 1997-இல் வெளியிட்டார்கள். சூட்டின் ஏற்ற இறக்கம் இரட்டித்தால் தாங்கும் சுற்றுகள் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்குகின்றன.

இப்போது நம் வானத்தைப் பாருங்கள். பாலைவனத்தில் காலையில் ஏறி மாலையில் இறங்கும். ஒரு நாளைக்கு ஒரு சுற்று. இங்கே பஞ்சு மேகம் கடந்து போகும். சதுர மீட்டருக்கு 900 வாட், அரை நிமிஷத்தில் 200, மறுபடி 900; மேகத்தின் ஓரத்தில் ஒளி சிதறும்போது 1,000-ஐத் தாண்டியும் குதிக்கும். ஒவ்வொரு மேகமும் சிப்புக்கு ஒரு மடக்கு. சின்ன மடக்குகள்தான், ஆனால் நாளெல்லாம். டென்மார்க்கில் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் ஃபிரேட பிளாபியெர்க்கின் குழு இதைத்தான் செய்கிறது: ஓர் ஊரின் வெயிலையும் காற்றையும் வருஷம் முழுக்க எடுத்து, அதை சிப்பின் சூடாக மாற்றி, சூட்டை ஆயுளாக மாற்றும் கணக்கு. கெடா வானத்துக்கு அந்தக் கணக்கை நம் பிள்ளைகள் போட வேண்டும் என்பது என் ஆசை.

கடையில் தரும் விவரத்தாளில் போடும் ஓர் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதன் மேல் பழைய கோபம். 'சராசரிப் பழுது இடைவெளி 10,00,000 மணி' என்று இருக்கும். வகுத்தால் 114 வருஷம். பேரன் காலம் வரை வரும் என்று வாங்கிவிடுவார்கள். அதன் அர்த்தம் வேறு: 1,000 கருவிகள் ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 9 பழுதாகும், அதுவும் தேய்மானம் தொடங்காத நடுவயதில் மட்டும். எப்போது கிழமாகும் என்று அந்த எண் சொல்வதே இல்லை. இந்த வகைக் கணக்குக்கு வேதப்புத்தகமாக இருந்த அமெரிக்க ராணுவக் கையேடு கடைசியாகத் திருத்தப்பட்டது 1995-இல். பாகங்களை எண்ணிக் கூட்டிப் போடும் கணக்கு அது. பல்லி முட்டைக்கு அதில் பத்தி கிடையாது.

பல்லியை விடுங்கள், நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு எதிரி கந்தகம். கித்தா (ரப்பர்) பேக்டரிக் கழிவுக் குளத்து வாடை தெரியுமல்லவா, அதில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. வெள்ளிக் கொலுசு கறுப்பது அதனால்தான். போர்டில் இருக்கும் கடுகு அளவு ரெசிஸ்டர்களின் முனையிலும் வெள்ளி உண்டு. கொலுசு கறுத்தால் தேய்த்துப் போட்டுக்கொள்ளலாம். இங்கே வெள்ளி முழுக்க சல்பைடாகி இணைப்பே அறுந்துவிடும். செம்பனை ஆலைகளில் இது இன்னும் கடுமை. ஆலைக் கழிவுநீர் 1 கனமீட்டரிலிருந்து சுமார் 28 கனமீட்டர் உயிரி எரிவாயு கிடைக்கும். 2014-லிருந்து புது ஆலைகள் அதைப் பிடித்தாக வேண்டும் என்று செம்பனை வாரியம் விதி போட்டிருக்கிறது. இதுவும் ஆற்றல் அறுவடைதான், பெரிய அளவில். ஆனால் அந்த வாயுவை எரித்துக் கரண்ட் எடுக்கும் இடத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டியை வாயுவின் வாடையிலேயே வைத்தால், கருவிக்குள் ஒவ்வொரு ரெசிஸ்டராகக் கண்ணை மூடும்.

சோறு உண்டா என்றீர்கள். வீட்டு வாசலிலிருந்து அரை மணி நேரக் காடி ஓட்டத்தில் பார்த்தால் தெரியும். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் வந்தது. ஜெர்மன் சிப் கம்பெனி இன்ஃபினியன் 2006-லிருந்து இருக்கிறது. ஃபர்ஸ்ட் சோலார் பேனல் தொழிற்சாலை 2008-லிருந்து. 2024 ஆகஸ்ட்டில் இன்ஃபினியன் அங்கே சிலிக்கான் கார்பைடு பவர் சிப்புகளுக்கான ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. அதற்கு மட்டும் 200 கோடி யூரோ. சிலிக்கான் கார்பைடு அதிக வோல்ட்டையும் அதிகச் சூட்டையும் தாங்கும், இன்வர்ட்டரிலும் மின்சாரக் காடியிலும் வீணாகும் சூட்டைக் குறைக்கும். ஆனால் சிலிக்கானைவிட மூன்று மடங்குக்குக் கிட்ட விறைப்பு. சிப் வளைந்து கொடுக்காததால் கீழே ஒட்டியிருக்கும் ஈயத்துக்குத்தான் அடி, சீக்கிரம் வெடிக்கும். அதனால் ஈயத்துக்குப் பதிலாக நுண்ணிய வெள்ளித் தூளை அழுத்திச் சுட்டு ஒட்டுகிறார்கள். புதுச் சரக்கு வந்தால் அது சாகும் விதமும் புதுசு. அதைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு வேலைப் பஞ்சம் வராது. 2050-க்குள் மின்திறனில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் 2023 திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. அத்தனை இன்வர்ட்டரையும் யாராவது காப்பாற்றியாக வேண்டுமே.

மகள் கையெழுத்துப் போடுமுன் மேற்பார்வையாளரிடம் கேட்கட்டும்: கூடத்தில் சூடு-ஈரப்பதப் பெட்டி இருக்கிறதா, 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம் என்ற சோதனையை அவளே ஓட்ட முடியுமா? நானோஆம்ப் அளக்கும் மீட்டர் உண்டா? செத்த சிப்பை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வசதி உண்டா, அல்லது கணினியில் மட்டும்தானா? செய்த கருவியை ஒரு மழைக்காலமாவது வெளியே வைப்பார்களா? இதற்கெல்லாம் தலையாட்டினால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். அறுவடைப் பக்கத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 2012-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஜோங் லின் வாங் குழு உரசலிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியைக் கொண்டுவந்த பிறகு, கையால் தட்டி நூறு எல்.இ.டி. மினுக்கும் படங்கள் நிறைய வருகின்றன. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் யார் உச்ச வோல்ட் எவ்வளவு என்று காட்டினாலும், ஒரு நாள் சராசரி எத்தனை ஜூல் என்று அவள் திருப்பிக் கேட்க வேண்டும். அதிர்விலும் அதே கதை. ஆலை மோட்டார் விநாடிக்கு 24 அல்லது 25 சுற்று. அதற்கென்று சுருதி சேர்த்த கருவி, சுமை ஏறி மோட்டார் கொஞ்சம் மெதுவானதும் ஊமையாகிவிடும்.

கோயிலுக்குச் செய்ய வேண்டியது: புது இன்வர்ட்டரைக் கிழக்குச் சுவருக்கு மாற்றுங்கள், கூரை நீட்டத்துக்குள், சுற்றிலும் ஒரு முழம் இடைவெளி விட்டு. காலை வெயில் படும், ஆனால் அந்த நேரம் அதற்கு வேலை குறைவு. மடப்பள்ளிப் புகை அந்தப் பக்கம் வராது. பேனல் பக்கத்துக்கும் சர்ஜ் தடுப்பான், இரண்டு வயரும் ஒரே குழாயில், மாதம் ஒருமுறை காய்ந்த பிரஷால் துடுப்பைத் தட்டுவது. வயர் வேலைக்குப் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். நம்ம பையன்தானே, யூடியூப் பார்த்துச் செய்வான் என்று விடாதீர்கள். வெயில் இருக்கும்வரை பேனல் வயரை அணைக்கவே முடியாது. இன்வர்ட்டரை அணைத்தபிறகும் கெபாசிட்டரில் சில நிமிஷம் உயிர் இருக்கும்.

செத்த இன்வர்ட்டர் இரண்டையும் சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் காடியில் போட்டுக்கொண்டு வாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. ஒன்றே ஒன்று: தூசி தட்டி, துடைத்து, சுத்தம் பண்ணிக் கொண்டுவராதீர்கள். கரி, எறும்பு, பல்லி முட்டை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அவள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.